பிள்ளையை வளர்ப்பது நிவாரணமா, நாமா?



இம்முறை பெற்றோர் பாடத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கூச்சமான விடயம். பெரட்டுக் களத்திலும் பீலிக்கரையிலும் இதைப் பற்றி நிறையப் பேச்சு நடக்கிறது. ஆனால் கூட்டம் போட்டு யாரும் பேசுவதில்லை. விடயம் இதுதான்: ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வளர்ப்பதற்கு அரசாங்கம் கொடுக்கிற காசையும் மாவையும் பொதியையும் நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்?

பீலிக்கரையில் ஒரு தங்கச்சி சொல்வாள்: "அக்கா, அஸ்வெசும லிஸ்ட்டுல நம்ம பேரு வந்துருச்சி. இனி ஏன் மழையில நனைஞ்சிக்கிட்டு மலைக்குப் போகணும்? புள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டோட இருக்கப் போறேன்."

பக்கத்தில் துணி அலசுகிற மாமி விடமாட்டார்: "அரசாங்கத்துக்கிட்ட கையேந்தி வளர்க்கிறதெல்லாம் ஒரு வளர்ப்பா? எங்க காலத்துல எங்களுக்கு யாரு குடுத்தா?"

இரண்டு பேச்சிலும் பாதி சரி, பாதி பிழை. முதலில் மாமியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பெரியவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா.

மாமியின் காலத்தில் யார் கொடுத்தது?

அரசாங்கம் கொடுத்தது. மாமி மறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நாட்டில் கூப்பன் முறை வந்தது. போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. நகரம், நாடு, தோட்டம் எல்லாவற்றுக்கும் அரிசியும் சீனியும் பங்கீட்டில் கிடைத்தன. தோட்டத்தில் முதலில் இருந்தே நம் பாட்டன் பாட்டிமார் அரிசியைப் பங்காகப் பெற்றுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டவர்கள்தான். ஆகவே "எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை" என்பது வரலாறு அல்ல. கொடுத்தது எப்போது நின்றது என்பதுதான் வரலாறு.

1973 இல் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டியவர் இருந்தால் கேளுங்கள். உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. நாட்டில் வெளிநாட்டுக் காசு இல்லை. அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது, மா விலை ஏறியது, பாணுக்கு வரிசை வந்தது. கிராமத்தில் இருந்தவர்களுக்கு ஒரு துண்டு வயலோ மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்தில் இருந்த நமக்குக் காம்பிராவின் வாசலைத் தவிர வேறு நிலம் இல்லை. 1974 இல் தோட்டப் பகுதிகளில் மரணவீதம் வெளிப்படையாகவே உயர்ந்தது. செத்தவர்களில் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம். அந்த மக்கள் சோம்பேறிகள் அல்ல. தினமும் மலைக்குப் போனவர்கள். சம்பளமும் போதாமல், கூப்பனும் குறைந்து, பயிரிட நிலமும் இல்லாமல் போனதால் வந்த சாவு அது.

அதன் பிறகு 1979 இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1989 இல் ஜனசவிய. 1995 இல் சமுர்த்தி. 2023 ஜூலையில் அஸ்வெசும. ஒவ்வொரு முறையும் பெயர் மாறியது, பட்டியல் மாறியது, யார் உள்ளே யார் வெளியே என்பதும் மாறியது. தோட்டத்து ஆட்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது, ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் உழைக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து, நம்மில் பலரை நீண்ட காலம் வெளியே வைத்திருந்ததும் இந்தப் பட்டியல்கள்தான்.

இதை ஏன் சொல்கிறோம்? பிள்ளை வளர்ப்பு என்பது வயிற்றில் தரித்த நாளில் இருந்து ஐந்து வயது வரை ஏறக்குறைய ஆறு வருட வேலை. 2019 இல் நம் லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அது பிறந்தபோது சமுர்த்திக் காலம். ஒரு வயதில் கொரோனா வந்தது, அதற்கு 5000 ரூபா நிவாரணம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. இரண்டரை, மூன்று வயதில் 2022 நெருக்கடி. அந்த ஆண்டு செப்டெம்பர் மாதம் கொழும்புக் கணக்கின்படி உணவு விலை முந்தின வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே ஆண்டில் சோளமும் பால்மாவும் இல்லாமல் திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது. சோளத்தில் பூஞ்சண நஞ்சு கூடுதலாக இருந்தது என்ற பிரச்சினையும் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. நான்கு வயதில் சமுர்த்திப் பட்டியல் போய் அஸ்வெசும வந்தது. பழைய பட்டியலில் இருந்த சிலருக்குப் புதியதில் பேர் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஐந்து வருடத்துக்குள் அதைச் சுற்றி இத்தனை மாற்றம்! பிள்ளையின் வயிறு மட்டும் ஒரு நாளும் விடுமுறை எடுக்கவில்லை.

வாங்குவது வெட்கமா?

இல்லவே இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1991 இல் இலங்கை அரசாங்கம் சிறுவர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதில் 27 ஆம் உறுப்புரை நம் கேள்விக்கு நேராகவே பதில் தருகிறது. பிள்ளை வளர்வதற்கு வேண்டிய வாழ்க்கைத் தரத்தைக் கொடுக்கும் முதற் பொறுப்பு பெற்றோருடையது, அதுவும் அவர்களுடைய சக்திக்கும் வருமானத்துக்கும் உட்பட்டு. பெற்றோரால் முடியாதபோது உணவு, உடை, வீடு என்பவற்றில் கைகொடுப்பது அரசின் கடமை. முதற் பொறுப்பு ஒருவருக்கு, கைகொடுக்கும் கடமை மற்றவருக்கு. ஒன்று மற்றதை இல்லாமல் ஆக்குவதில்லை.

இன்னொன்று. "அரசாங்கக் காசு" என்று சொல்கிறோமே, அது யாருடைய காசு? நாம் கடையில் வாங்குகிற சவர்க்காரத்தில் இருந்து போன் கார்ட் வரை வரி இருக்கிறது. 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. மலையில் பறித்த கொழுந்து நாட்டுக்கு வெளிநாட்டுக் காசு கொண்டுவருவது தனி. ஆகவே கிளினிக்கில் ஒரு பை திரிபோஷ வாங்கும்போது தலையைக் குனிய வேண்டாம். பிரதேச செயலகத்தில் யாராவது முகத்தைச் சுளித்தாலும் குனிய வேண்டாம்.

2016 ஆம் ஆண்டு எடுத்த சனத்தொகை, சுகாதார மதிப்பீட்டில், நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப் பிள்ளைகளில் ஏறக்குறைய 32 பேர். பத்து வருடத்துக்கு முன் நடந்த மதிப்பீட்டில் இது 40 ஆக இருந்தது, ஆகவே கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. "நம்ம சாதி சனமே குள்ளம்தானே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது பிழை. நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் நம் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளர்கிறார்கள். கர்ப்பத்தில் 270 நாள், பிறந்த பிறகு இரண்டு வருடம், ஆக 1000 நாள். அந்த நாட்களில் குறைந்த உயரத்தைப் பிறகு எட்டிப் பிடிப்பது மிகக் கஷ்டம். மூளை வளர்ச்சியும் அந்த நாட்களில்தான் வேகமாக நடக்கிறது. அந்த நேரத்தில் கிடைக்கிற உதவியை ரோஷத்துக்காக விடுகிற தகப்பன், தன் ரோஷத்துக்குப் பிள்ளையின் உடம்பைச் செலவழிக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது தங்கச்சியிடம் வருவோம். அவளுடைய குடும்பத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். அஸ்வெசுமவில் "வறியவர்" பிரிவில் பேர் வந்திருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பிரிவுக்கு மாதம் 8500 ரூபா. 2025 ஜனவரியில் இருந்து 10,000 ரூபா ஆக்கினார்கள். 10,000 ஐ 30 நாளால் பிரித்தால் நாளுக்கு 333 ரூபா. அதை ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 67 ரூபா. உங்கள் தோட்டக் கடையில் 67 ரூபாவுக்கு ஒரு ஆள் காலை, பகல், இரவு சாப்பிட முடியுமா? விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். "மிகவும் வறியவர்" பிரிவுக்கு முன்பு 15,000, பிறகு 17,500. அதைப் பிரித்தாலும் ஐந்து பேர் குடும்பத்தில் தலைக்கு நாளுக்கு 117 ரூபாவுக்கு மேல் வராது.

அவள் மலைக்குப் போனால்? 2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதன் பின் கூடியதை உங்கள் கணக்கில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் 1350 ஐ வைத்தே பார்ப்போம். மாதம் 20 பேர் விழுந்தால் 27,000. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிந்தால், அதாவது 2160 போனால், 24,840. சந்தா, முற்பணம் என்று மற்றக் கழிவுகளும் இருக்கும். அரைப்பேர் போட்டால் இன்னும் குறையும், அதுவும் தெரிந்ததே. ஆனால் கணக்கில் ஒளிந்திருக்கிற ஒன்றைப் பலர் பார்ப்பதில்லை. அதே 27,000 க்குத் தோட்டம் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். அது 4050 ரூபா. வீட்டில் நிற்கிற ஒவ்வொரு மாதமும் அதுவும் நிற்கிறது. செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டால் பிறகு அந்தப் பேரை எடுப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே 10,000 ஐ நம்பி 27,000 ஐ விடுவது கணக்குக்கு ஒத்துவராது. அஸ்வெசும, சம்பளத்துக்கு மேலே வந்தால் பிள்ளைக்கு முட்டை. சம்பளத்துக்குப் பதிலாக வந்தால் வெறும் ரொட்டி.

ஆனால் தங்கச்சி பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகத் தாய்க்கு மனசு வராது. அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இல் இருந்து இருக்கிறது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் மட்டும்தான். 2018 திருத்தத்தோடு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்.  திரும்பி வேலைக்கு வந்த பிறகு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். இது கங்காணியின் தயவு அல்ல, சட்டம். "கொழுந்து குறையும்" என்று யாராவது முணுமுணுத்தால் நாலு தாய்மார் சேர்ந்து ஐயாவிடம் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போனால் பயமாக இருக்கும். சேர்ந்து போனால் பேச்சு வரும்.

மடுவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில தோட்டங்களில் அது நல்ல சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாறியிருக்கிறது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர், விளையாட்டுச் சாமான், பகல் சாப்பாடு எல்லாம் உண்டு. சில இடங்களில் இன்னும் ஒரு ஆயாம்மா, ஒழுகுகிற கூரை, இருபது பிள்ளை. அப்படிப்பட்ட இடத்தில் விடப் பயப்படுகிற தாயைக் குறை சொல்ல முடியாது. அதற்கு வழி வேலையை விடுவதல்ல. பெற்றோர் குழு அமைத்து மடுவத்தைக் கேட்டுத் திருத்துவதே வழி. வீட்டில் பாட்டியிடம் விட்டால் போதும் என்பவர்கள், பாட்டிக்குக் கண் தெரிகிறதா, அடுப்பை விட்டுப் பிள்ளையைத் துரத்திப் பிடிக்கக் கால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உதவி கெட்டுப்போகிற இடங்கள்

கிடைத்த உதவி பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நிற்பதை நாம் எல்லாத் தோட்டத்திலும் காண்கிறோம்.

திரிபோஷவை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 இல் தொடங்கிய திட்டம். சோளம், சோயா, பால்மா, விற்றமின், கனியுப்பு சேர்ந்தது. ஒரு பை 750 கிராம். நாளுக்கு 50 கிராம் என்றால் ஒரு ஆளுக்கு 15 நாள். மாதத்துக்கு இரண்டு பை ஒரு ஆளுக்கு என்று கணக்குப் பண்ணித்தான் கொடுக்கிறார்கள். வீட்டில் என்ன நடக்கிறது? சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து, அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, மலையில் இருந்து பசியோடு வந்த அப்பாவுக்கு இரண்டு. நாலு நாளில் பை காலி. கொடுக்க வேண்டாம் என்று எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதனால் நாம் திட்ட மாட்டோம். ஆனால் அந்த மாவைக் குடும்பத்தின் பலகாரமாக எண்ணாமல், அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மருந்தாக எண்ணுங்கள். அப்பாவின் இருமல் மருந்தை எல்லாப் பிள்ளைக்கும் ஊற்றுவோமா? மற்றவர்களுக்குக் கடலையோ பயறோ அவித்து வையுங்கள்.

இன்னொரு பேச்சு காதில் விழுகிறது. இதைக் கேட்டால்தான் வருத்தமாக இருக்கிறது. "கார்ட்ல கோடு ஏறிட்டா பை நின்னுரும்டி." நிறை குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கிற பை, நிறை சரியானால் நிற்கும், உண்மைதான். அதற்காகக் கோடு செம்மஞ்சளிலேயே இருக்கட்டும் என்று உள்ளூர ஆசைப்படலாமா? பை வருவது கோடு பச்சைக்கு ஏறத்தான். ஏறிய மாதம் மிட்வைவ் அம்மா "இனி பை இல்லை" என்று சொன்னால், அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைக்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கிற போசாக்குப் பொதியும் இப்படியே. 2015 இல் மாதம் 2000 ரூபா பெறுமதியில் பத்து மாதத்துக்கு என்று தொடங்கினார்கள். பெறுமதி பிறகு மாறியது. நெத்தலி, பருப்பு, கடலை, பயறு, முட்டை போன்றவற்றுக்கான காசு அது. அதில் வாங்கிய நெத்தலி மாமனாரின் தட்டுக்குப் போய், தாய் கடைசியில் மிஞ்சிய சோற்றைச் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால், வயிற்றில் உள்ள பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? ஆம்பிளை சாப்பிட்ட பிறகுதான் பொம்பிளை சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தைக் கர்ப்ப காலத்திலாவது விட்டுவிடச் சொல்லி, இந்த இதழை வாசிக்கிற மாமியாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மிக மோசமானது அடகு. காசு வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்த வங்கிப் புத்தகமும் கார்ட்டும் கடைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ இருக்கிறது. மாதம் பிறந்தால் அவரே எடுத்துக்கொள்கிறார். வீட்டுக்காரிக்கு எவ்வளவு வந்தது என்றே தெரியாது. இப்படி வைப்பவர்கள் எல்லோரும் குடித்து அழித்தவர்கள் அல்ல. ஒரு கலியாணம், ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு போதும். ஆனால் பிள்ளைக்காக வந்த காசை இரண்டு வருடத்துக்கு முன்கூட்டியே தின்றுவிட்டால், அந்த இரண்டு வருடமும் பிள்ளை சின்னதாகவே இருக்கும். கடன் கேட்கத்தான் வேண்டும் என்றால் வேறு ஈடு காட்டுங்கள். தகப்பன்மாருக்குத் தனியாக ஒன்று: சம்பள நாளிலும் அஸ்வெசும விழுகிற நாளிலும் தவறணை வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

காசு கொடுக்க முடியாதது

எந்தத் திட்டமும் கொண்டுவந்து தராத சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் செலவும் அதிகம் இல்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய். கஞ்சித் தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்து ஊட்டுவது நம் லயத்தின் பெரிய பழக்கம். தேயிலைச் சாயம், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். நாம் பறிக்கிற தேயிலைதான், ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஊட்டுவதற்கு நேரம் வேண்டும். ஒரு வயதுப் பிள்ளை நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பும். கொஞ்ச நேரம் விளையாடும், பிறகு வரும். மலையில் இருந்து களைத்து வந்த தாய்க்கு அந்தப் பொறுமை இருக்காது. அங்கேதான் தகப்பன் வேண்டும். அரிசி வாங்கிப் போடுவதோடு அப்பாவின் வேலை முடிவதில்லை. பிள்ளையை மடியில் வைத்து ஊட்டுகிற அப்பாவைப் பார்த்து லயத்தில் சிரித்தால் சிரிக்கட்டும்.

காம்பிராவுக்குப் பின்னால் பாய் அளவு மண் இருந்தாலும் கீரை போடலாம். உயரமான, குளிரான தோட்டத்தில் முருங்கை வராது. லீக்ஸ், பீட்ரூட், வல்லாரை வரும். பழைய உரப் பையில் மண் நிரப்பியும் நடலாம். இரண்டு கோழி இருந்தால் முட்டையை விற்காமல், வாரத்துக்கு மூன்றையாவது சின்னப் பிள்ளைக்கு வையுங்கள். இவையும் எல்லார் வீட்டிலும் நடக்காது என்று தெரியும். ஒன்று நடந்தாலும் நிவாரணம் நிற்கிற மாதத்தில் அந்த வீடு முற்றாக விழாது.

பேரைச் சரியாகப் பதியுங்கள்

நம்பி இருக்கக் கூடாது என்றோம். வாங்காமல் விட வேண்டும் என்று சொல்லவில்லை. கிடைக்க வேண்டியது கடுதாசிப் பிழையால் கிடைக்காமல் போவது நம் பகுதியில் அதிகம்.

பிள்ளை பிறந்ததும் பிறப்பைப் பதியுங்கள். மூன்று மாதம் கடந்தால் அலைச்சல் கூடும். பேரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். தகப்பனின் அடையாள அட்டையில் ஒரு எழுத்து, தாயின் கலியாணப் பதிவில் இன்னொரு எழுத்து, பிள்ளையின் சான்றிதழில் மூன்றாவது எழுத்து என்று இருந்தால் பிறகு ஒவ்வொரு கந்தோரிலும் நிற்க வேண்டி வரும். ஒரே காம்பிராவில் அப்பா அம்மாவும், கலியாணம் கட்டிய மகனும் இருந்தால், கணக்கெடுக்க வருபவரிடம் இரண்டு குடும்பம், இரண்டு அடுப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்தில் இல்லாத பொருளை இருக்கு என்று சொல்லிப் பட்டியலில் இருந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் இன்னொரு பிரச்சினை. நமக்கு லயத்து நம்பர் உண்டு, தனி முகவரி இல்லை. தோட்டக் கந்தோருக்கு வந்து கிடக்கிற கடிதத்தை யார் எப்போது தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் போட்ட பிறகு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கேளுங்கள். பட்டியல் ஒட்டப்பட்டு உங்கள் பேர் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்ய நாள் குறித்திருப்பார்கள். அந்த நாள் கடந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். பிள்ளையின் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, கிளினிக் கார்ட், கடைசி மூன்று மாதப் பே சீட்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து ஒரு பொலித்தீன் உறையில் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். மேன்முறையீட்டை எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூட ஆசிரியரிடமோ உங்கள் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டு வேலை

அடுத்த தாய்மார் கூட்டத்துக்கு முன் கணவனும் மனைவியும் சேர்ந்து இதைச் செய்து பாருங்கள். பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒரு பக்கத்தை மூன்று கோடாகப் பிரியுங்கள். முதல் கோட்டில் இந்த மாதம் சின்னப் பிள்ளை சாப்பிட்டது: எத்தனை முட்டை, எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் வெறும் ரொட்டியும் சம்பலும். இரண்டாவதில் அதற்கான காசு எங்கிருந்து வந்தது: சம்பளம், கைக்காசு, நிவாரணம், கடன். மூன்றாவதில் அடுத்த மாதம் நிவாரணம் வராவிட்டால் அந்தப் பட்டியலில் இருந்து எது முதலில் போகும் என்று எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். கொப்பியையும் பிள்ளையின் கார்ட்டையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மிட்வைவ் அம்மாவும் அன்றைக்கு வருவார். மூன்றாவது கோட்டில் முட்டை என்று எழுதியிருக்கிற வீடுகளைப் பற்றித்தான் முதலில் பேசுவோம்.